கடைசிப் பக்கத்து மனிதர்கள்: சித்திரக்காரர் ஜி. அரவிந்தன் வாழ்க்கை

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பிளாஸ்டிக் பைகள் வந்து சேராத காலம் ஒன்று இருந்தது. கடுகு, மிளகு, சீரகம் எதுவானாலும் காகிதத்தில்தான் பொட்டலம். பழைய பத்திரிகைகளை எடைக்கு எடை வாங்கிக் கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு தாளை உருவி, கூம்பாகச் சுருட்டி, சரக்கைக் கொட்டி, நூலைச் சுற்றிக் கொடுப்பார்கள். வீட்டில் சரக்கை டப்பாவில் கொட்டிய பிறகு, அந்தத் தாளை நீவி விட்டுப் படிக்கிற பழக்கமும் பலருக்கு உண்டு.

1960-களில் அப்படிக் கடைகளுக்கு எடைக்கு வந்த தாள்களில் 'மாத்ருபூமி' வார இதழின் கடைசிப் பக்கங்களும் உண்டு. அந்தப் பக்கத்தில் கட்டம் கட்டமாகச் சித்திரங்கள் இருக்கும். ராமு என்று ஓர் இளைஞன் இருப்பான். குருஜி என்று ஒரு பெரியவர் இருப்பார். இருவரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். அந்த வாரக் கதை அதோடு முடிந்துவிடும்.

அந்தப் பக்கத்தை வரைந்தவர் ஜி. அரவிந்தன். பின்னாளில் உலகத் திரைப்பட விழாக்களில் பெயர் பெற்ற இயக்குநர். ஆனால் கேரளத்துப் பழைய வாசகர்களுக்கு அவர் முதலில் ராமுவையும் குருஜியையும் வரைந்தவர். சினிமாக்காரர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எழுத்தாளர் வீட்டுப் பிள்ளை

1935 ஜனவரியில் கோட்டயத்தில் பிறந்தார் அரவிந்தன். தந்தை எம்.என். கோவிந்தன் நாயர், மலையாளத்தில் நகைச்சுவை எழுதிப் புகழ் பெற்றவர். இதே பெயரில் கம்யூனிஸ்டுத் தலைவர் ஒருவர் இருந்தார். அமைச்சராக இருந்து லட்சம் வீடு திட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர். அவர் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக எண்ணிக்கொண்டவர்களும் உண்டு.

வீட்டில் சிரிப்பு எழுத்து. ஊரோ அச்சகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பேர் போனது. அந்தச் சூழ்நிலையில் வளர்ந்த பையனுக்குக் கோடு போடவும் கேலி செய்யவும் தனியாக யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சங்கீதத்திலும் ஈடுபாடு இருந்தது. இந்துஸ்தானி இசை அவரைப் பெரிதும் ஈர்த்தது. அதிகம் பேசாத மனிதர் என்று பெயர் எடுத்தார்.

ஆனால் சித்திரமும் சங்கீதமும் சோறு போடுகிற காலம் அல்ல அது. ரப்பர் வாரியத்தில் உத்தியோகத்தில் சேர்ந்தார். 1947-இல் வந்த ரப்பர் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய அரசு நிறுவனம் அது. தலைமை அலுவலகம் கோட்டயத்தில். ரப்பர் விவசாயிகளின் காரியங்களைக் கவனிக்கிற அந்த வாரியத்தில் அரவிந்தன் நெடுங்காலம் பணியாற்றினார். மாதம் பிறந்தால் சம்பளம், மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை முடிச்சு என்ற வாழ்க்கை அவருக்கும் இருந்தது. எத்தனையோ ஆபீஸ் குமாஸ்தாக்கள் வாழ்ந்த வாழ்க்கைதான்.

கடைசிப் பக்கம்

'மாத்ருபூமி' நாளிதழ் 1923-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. அதன் வார இதழ் 1932-இல் வந்தது. மலையாள இலக்கியத்தில் பெயர் எடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் எழுத்து அந்த வார இதழில் வராதா என்று காத்துக் கிடந்த காலம் உண்டு. கவிஞரும் அறிஞருமான என்.வி. கிருஷ்ண வாரியர் அதன் பொறுப்பில் இருந்தபோது, 1961-ஆம் ஆண்டு தொடக்கத்தில், அரவிந்தனின் சித்திரத் தொடர் ஆரம்பமாயிற்று.

தொடரின் பெயர் 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்'. சிறிய மனிதர்களும் பெரிய உலகமும் என்று பொருள். மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய. தமிழ்க் காதுக்கு அது வலிமையுள்ள உலகம் என்றும் விழும். அந்தத் தொடரைப் படித்தவர்களுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தி வருவது தெரியும்.

கேரளத்தில் வார இதழைப் பின்பக்கத்திலிருந்து புரட்டுகிற வழக்கம் அப்போதே வந்துவிட்டது. 'மலையாள மனோரமா' வார இதழில் டாம்ஸ் வரைந்த 'போபனும் மோளியும்' என்ற இரட்டைப் பிள்ளைகள் 1950-களின் கடைசியிலேயே வீட்டுக்கு வீடு பிரசித்தம். அது வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற தொடர். அரவிந்தனின் தொடர் வேறு வகை. சிரிப்பு இருக்கும், ஆனால் சிரித்த பிறகு கொஞ்சம் வலிக்கும்.

ராமு படித்தவன், வேலை இல்லாதவன். நடுத்தர வர்க்கத்திலும் கீழ்ப்படியில் உள்ள குடும்பம். வீட்டில் எல்லோர் கண்ணும் அவன் மேல். குருஜி நிறையப் படித்தவர், நிதானமானவர், உலக விஷயங்களைப் பேசுகிறவர். ராமு தன் சங்கடங்களைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு அவர்தான் இடம். வாரந்தோறும் நாட்டு நடப்பு, இலக்கியம், அரசியல், வீட்டுக் கஷ்டம் எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள் வந்து போகும்.

கேரளத்துக்கு அது எப்படிப்பட்ட காலம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1957-இல் வந்த கம்யூனிஸ்டு மந்திரிசபை 1959-இல் கலைக்கப்பட்டிருந்தது. 1962-இல் சீன யுத்தம். 1964-இல் நேரு மறைவு. அதே ஆண்டில் கம்யூனிஸ்டுக் கட்சியில் பிளவு. பின்னாலேயே அரிசித் தட்டுப்பாடு. பள்ளிக்கூடங்கள் பெருகிப் படித்தவர்கள் பெருகினார்கள். வேலைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய இளைஞர்கள் தங்களையே ராமுவிடம் கண்டார்கள்.

ராமு மாறிய கதை

சித்திரக் கதைகளில் ஒரு வழக்கம் உண்டு. கதாபாத்திரத்துக்கு வயது ஆகாது. தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'தினத்தந்தி'யில் 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்ந்தது. படித்த சிறுவர்கள் தாத்தா ஆனார்கள். சிந்துபாத் கிழவன் ஆகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து புறப்பட்ட 'முத்து காமிக்ஸ்' கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்கும் நரை விழவில்லை. வாசகனுக்கும் அதுதான் வேண்டும். நாயகன் நேற்றுப் போல இன்றும் இருந்தால் ஓர் ஆறுதல்.

அமெரிக்காவில் ஃபிராங்க் கிங் என்பவர் 1918-இல் தொடங்கிய ஒரு பத்திரிகைத் தொடரில், குழந்தையாக வந்தவன் வளர்ந்து ஆளானான். அப்படி வரைந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான். அரவிந்தனும் அந்தச் சிலரில் ஒருவர். அவருடைய ராமு அப்படியே நிற்கவில்லை. அவன் மாறினான்.

அந்த மாற்றம்தான் தொடரின் உயிர். வேலை கிடைக்காதா என்று ஏங்கிய ராமுவுக்கு வேலை கிடைக்கிறது. படிப்படியாக உயர்கிறான். பணமும் அந்தஸ்தும் வருகின்றன. பெரிய மனிதர்களோடு பழகுகிறான். உடுப்பு மாறுகிறது, பேச்சு மாறுகிறது. எதையெல்லாம் முன்னால் கேலி செய்தானோ அதையெல்லாம் இப்போது தானே செய்கிறான். இன்ன வாரத்தில் ராமு கெட்டுப்போனான் என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. ஒவ்வொரு வாரமும் ஒரு சின்ன விட்டுக்கொடுத்தல். வருஷக் கணக்கில் பார்த்தால்தான் தெரிகிறது, அவன் வேறு ஆளாகிவிட்டான் என்பது.

வறுமையில் வாடுகிறவனை வரைந்து இரக்கம் தேடுவது சுலபம். பிழைத்துக்கொண்டவன் இழந்தது என்ன என்று வரைவது கஷ்டம். வாசகனுக்கு அது பிடிக்காமல் போகலாம். தன் வீட்டுப் பையனைப் போல நினைத்தவன் கண் முன்னால் தாழ்ந்து போவதை எவன் விரும்புவான்? அரவிந்தன் அந்தக் கஷ்டமான வழியில்தான் போனார். ராமுவை வில்லனாக்கவும் இல்லை, அவனுக்காக வக்காலத்து வாங்கவும் இல்லை.

1961 முதல் 1973 வரை அந்தத் தொடர் வந்தது. பன்னிரண்டு ஆண்டு என்றால் அறுநூறு வாரங்களுக்கு மேல். ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, கட்டத்துக்குள் கோடு போட்டு, பேச்சை எழுதி, தபாலுக்குத் தயார் செய்த ஆண்டுகள் அவை.

கோழிக்கோட்டு நண்பர்கள்

உத்தியோக நிமித்தம் கோழிக்கோட்டில் இருந்த நாட்கள் அரவிந்தனின் வாழ்க்கையைத் திருப்பி விட்டன. எழுத்தாளர்கள் பட்டத்துவிளை கருணாகரன், திக்கோடியன், ஓவியர் நம்பூதிரி என்று ஒரு நண்பர் வட்டம் அங்கே சேர்ந்தது. மாலை நேரத்துப் பேச்சு சினிமாவில் போய் முடிந்தது. கருணாகரன் பணம் போட, திக்கோடியன் எழுத்தில் துணை நிற்க, நம்பூதிரி கலை அமைக்க, 'உத்தராயணம்' என்ற படம் 1974-இல் உருவாயிற்று. இயக்குநர் அரவிந்தன். திரைப்படக் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர் அவர். சித்திரக் கட்டங்களில் பன்னிரண்டு வருஷம் கதை சொன்னதுதான் அவருடைய பயிற்சி.

அந்தப் படத்தின் நாயகன் ரவியும் வேலை தேடுகிற இளைஞன்தான். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் சிலர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதை அவன் ஒவ்வொரு வாசலிலும் காண்கிறான். கடைசிப் பக்கத்து ராமு திரைக்கு வந்துவிட்டான் என்றே வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாநில விருதும் தேசிய விருதும் அந்தப் படத்தைத் தேடி வந்தன.

அதன் பிறகு அவரைச் சினிமா விடவில்லை. கொல்லத்து முந்திரி வியாபாரி ரவீந்திரநாதன் நாயர் அவருக்குத் துணை நின்றார். இலாபக் கணக்குப் பார்க்காமல் 'காஞ்சன சீதா', 'தம்பு', 'கும்மாட்டி', 'எஸ்தப்பான்', 'போக்குவெயில்' என்று வரிசையாக ஐந்து படங்களைத் தயாரித்தார். 'காஞ்சன சீதா'வில் ஆந்திரத்துப் பழங்குடி மக்களை இராமனாகவும் இலட்சுமணனாகவும் நடிக்க வைத்தார் அரவிந்தன். 'தம்பு' என்றால் கூடாரம். ஒரு கிராமத்துக்கு வந்து போகும் சர்க்கஸ்காரர்களின் கதை. சர்க்கஸ் பார்க்க வந்த ஊர்க்காரர்களின் முகங்களையே படம் பிடித்தார். 'காஞ்சன சீதா', 'தம்பு', பின்னால் வந்த 'ஒரிடத்து' மூன்றுக்கும் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு கிராமத்துக்கு மின்சாரம் வந்த கதைதான் 'ஒரிடத்து'. அதில் வருகிற மனிதர்களைப் பார்த்தவர்கள், பழைய கேலிச்சித்திரக்காரரின் கை இன்னும் ஓயவில்லை என்று கண்டுகொண்டார்கள்.

சாலைக்குப் பக்கத்தில்

அரவிந்தன் திருவனந்தபுரத்துக்கு வந்தபோது நாடகமும் சேர்ந்துகொண்டது. காவாலம் நாராயண பணிக்கர் எழுதிய 'அவனவன் கடம்ப' என்ற நாடகத்தை 1970-களின் நடுவில் அவர் இயக்கினார். அதற்கு அரங்கம் கட்டவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே உள்ள அட்டக்குளங்கரைப் பள்ளிக்கூட வளாகத்தில், மரங்களின் கீழே, திறந்த வெளியில் ஆடினார்கள். கோபியும் நெடுமுடி வேணுவும் அதில் நடித்தார்கள். இருவரும் பின்னால் இந்தியா அறிந்த நடிகர்கள் ஆனார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது சாலைக் கடைத்தெரு. தமிழ் வியாபாரிகளும் சுமை தூக்குகிறவர்களும் கணக்கு எழுதுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த இடம். 1956 நவம்பர் வரை கன்னியாகுமரிப் பகுதியும் திருவனந்தபுரத்து ஆட்சியோடுதான் சேர்ந்திருந்தது. எல்லை பிரிந்த பிறகும் பிழைப்பு பிரியவில்லை. ஆனால் அந்தத் தமிழன் மலையாளக் கதைகளில் எப்படி வருவான் என்பது வேறு விஷயம். பெரும்பாலும் வேடிக்கைக்கு ஒரு வேலைக்காரன், கொச்சை மலையாளம் பேசிச் சிரிக்க வைக்கிற ஒரு பாத்திரம். அவ்வளவுதான்.

முனியாண்டி

1985-இல் வந்த 'சிதம்பரம்' படத்தில் அரவிந்தன் அந்த வழக்கத்தை மாற்றிக் காட்டினார். சி.வி. ஸ்ரீராமன் எழுதிய கதை அது. மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பெட்டியில் உள்ள அரசாங்க மாட்டுப் பண்ணை கதைக்களம். அங்கே ஆபீஸ் பொறுப்பில் இருக்கும் சங்கரனாகக் கோபி நடித்தார். பண்ணையில் கூலி வேலை செய்யும் தமிழன் முனியாண்டியாக ஸ்ரீனிவாசன். முனியாண்டி ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து மனைவியை அழைத்து வருகிறான். அவள் பெயர் சிவகாமி. அந்த வேஷத்தில் ஸ்மிதா பாட்டீல்.

சங்கரன் கெட்டவன் அல்ல. தாழ்ந்தவன் உயர்ந்தவன் பார்க்காமல் பழகுகிறவன். முனியாண்டி கல்யாணத்துக்கு உதவுகிறான். சிவகாமிக்குப் பரிவு காட்டுகிறான். அந்தப் பரிவு எங்கே எல்லை தாண்டியது என்று அவனுக்கே தெரியாது. முனியாண்டிக்கு உண்மை தெரிகிறது. மனைவியை வெட்டிவிட்டு மாட்டுக் கொட்டகையில் தூக்கில் தொங்குகிறான்.

சங்கரன் ஓடுகிறான். குடிக்கிறான், ஊர் ஊராகத் திரிகிறான், நிம்மதி கிடைக்கவில்லை. கடைசியில் சிதம்பரம் கோயில் வாசலுக்கு வந்து சேர்கிறான். அங்கே செருப்புக் காத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் வெட்டுத் தழும்பு. அவள் சிவகாமி. காமிரா கோபுரத்தின் மேல் ஏறி ஆகாயத்தைப் பார்க்கிறது. படம் முடிகிறது.

அந்த ஆண்டு இந்தியாவின் சிறந்த படம் என்ற தேசிய விருது 'சிதம்பர'த்துக்குக் கிடைத்தது. விருதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்தில் 1961-இல் தொடங்கிய கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. சிறிய மனிதன் ஒருவன் மேலே ஏறும்போது விட்டுக்கொடுப்பது அவனுடைய மனச்சாட்சியை மட்டும் அல்ல. அவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான். விலையைக் கொடுப்பது அவன். ராமுவின் கதையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்த ஆள் இங்கே பெயரோடும் ஊரோடும் வந்தான். அவன் வேலை தேடி மலை ஏறிய ஒரு தமிழ்க் கூலி. அவனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

மறைவு

1990-இல் அரவிந்தனுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. வங்காளத்து அகதிகளைப் பற்றிய 'வாஸ்துஹாரா' அவருடைய கடைசிப் படம். அதுவும் ஸ்ரீராமன் எழுதிய கதைதான். 1991 மார்ச் 15-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் மாரடைப்பால் அரவிந்தன் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

மிஞ்சியது எப்படி?

அமெரிக்காவில் வில் ஐஸ்னர் 1978-இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பு வாழ்க்கையைச் சித்திரங்களில் புத்தகமாக்கினார். 'கிராஃபிக் நாவல்', அதாவது சித்திர நாவல், என்ற சொல் ஊர் அறியப் பரவியது அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான். அதற்கு ஐந்து வருஷம் முன்னதாகவே ராமுவின் கதையை அரவிந்தன் எழுதி முடித்துவிட்டார். இந்தியாவின் முதல் சித்திர நாவல்களில் ஒன்று என்று பின்னால் வந்தவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். வரையும்போது அவருக்கு அந்தப் பெயரெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. வாரா வாரம் ஒரு பக்கம் கொடுத்தார், அவ்வளவே.

அந்தப் பக்கம் இன்றும் பேசப்படுகிறது என்றால் அதற்குக் காரணம், சிலர் அதைப் பொட்டலம் மடிக்கக் கொடுக்காமல் பத்திரப்படுத்தியதுதான். வார இதழின் ஆயுள் ஏழு நாள். எட்டாம் நாள் அது பழைய பேப்பர். தொடரிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1970-களின் கடைசியில் புத்தகமாயின. பின்னாலும் பதிப்புகள் வந்தன. புத்தகமான பிறகே ராமு எந்தப் படியில் தொடங்கி எங்கே வந்து நின்றான் என்பதை ஒரே மூச்சில் பார்க்க முடிந்தது.

சினிமாவுக்கும் அதே கதிதான். 'கும்மாட்டி'யின் மூல நெகட்டிவ் மிஞ்சவில்லை. ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகளைக் கொண்டு, இத்தாலியில் பொலோஞா நகரத்து நிபுணர்களின் உதவியோடு 2021-இல் அதைப் புதுப்பித்தார்கள். 'தம்பு'வும் அப்படிப் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் பிரான்சில் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. நாற்பது வருஷத்துக்கு முன் சர்க்கஸ் பார்க்க வந்த கிராமத்து ஜனங்களின் முகங்கள் அந்தத் திரையில் மறுபடி தெரிந்தன.

தமிழ்ச் சித்திரக் கதைகளும் இப்படித்தான் பிழைத்திருக்கின்றன. பழைய முத்து காமிக்ஸைப் பரணில் மறைத்து வைத்த பையன்கள் பெரியவர்களாகி, அவற்றைப் பற்றி எழுதினார்கள். சிவகாசியிலிருந்து மறுபதிப்புகளும் வந்தன. பிள்ளை விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிய காகிதம் அது. வைத்திருந்தவர்கள் இல்லாவிட்டால் வரைந்தவர்கள் பெயரும் தெரியாமல் போயிருக்கும்.

ரப்பர் வாரியத்துச் சம்பளக்காரர் ஒருவர், ஓய்வு நேரத்தில் கட்டம் போட்டு, தன்னைப் போன்ற சம்பளக்காரர்களின் உயர்வையும் தாழ்வையும் பன்னிரண்டு வருஷம் எழுதினார். அவருடைய தாள்களில் எத்தனையோ மிளகும் சீரகமும் சுமந்து போய்ச் சேர்ந்திருக்கும். பிரித்த வீட்டில் யாராவது ஒருவர் அந்தத் தாளை நீவி, ராமுவும் குருஜியும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுத்துக் கூட்டிப் படித்திருந்தால், வரைந்தவருக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். அவர் வரைந்தது அவர்களுக்காகத்தான்.